பெயர் கொடுத்தவன்

ஹொல்ஸ்டெப்ரோ
2.3.2025

என் குஞ்சுத்தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். முழங்கால் மட்டும் குளிருக்கு இழுக்கிறது. நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரை நேர்ந்துகொண்டு இதைத் தொடங்குகிறேன்.

பதினேழாம் திகதி உனக்கு ஐம்பத்தைந்து வயது. வழமைபோலப் பதிவுத்தபாலில், 'நல்லதம்பி குணசீலன்' என்று உன் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டு அனுப்புகிறேன். உன் பெண்சாதி ஞானேஸ்வரி கையெழுத்து வைத்து வாங்குவாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னம் கிராமசேவகர் குடும்ப அட்டையில் உன் பேரை வெட்ட வந்த அன்றுதான் என் கடிதமும் போய்ச் சேர்ந்ததாம். அவள் அதைத் தூக்கிக் காட்டி, "இல்லாத ஆளுக்கு டென்மார்க்கில இருந்து ஆர் ஐயா கடிதம் போடுவினம்?" என்று கேட்டாளாம். மனுசன் பேனையை மூடிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒன்று. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், பிழை பிடிக்காதே.

உன் அத்தான் சிவபாலன் போன கார்த்திகையில் போய்விட்டார். நெஞ்சுவருத்தம். இன்னும் இரண்டு பேருக்குத்தான் அரிசி போடுகிறேன். கை கேட்குதில்லை.

இனிச் சந்தோஷமான சங்கதி. உன் மருமகள் சாரங்கி பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாள். இங்கே பெடியளைத்தான் சீட்டு இழுத்துக் கூப்பிடுவார்கள். ரஷ்யா உக்ரேனுக்குள் இறங்கிய பிறகு எல்லாம் மாறுகிறது. இனிப் பெண்பிள்ளைகளுக்கும் சீட்டாம். இவள் சீட்டுக்குக் காத்திராமல் தானாய்ப் போய் நின்றாள். முகாம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கடைக்குப் போகிற வழியில் அதன் வேலியைப் பார்ப்பேன். முன்னம் எட்டிப் பார்த்தால் உள்ளே தெரியும். இப்போது உயரமாக்கிக் கமரா பூட்டியிருக்கிறார்கள். அந்த வேலிக்குள்ளே என் பிள்ளை. உடுப்போடு எடுத்த படம் வைத்திருக்கிறேன், பார்.

அவளுக்கு இப்படி ஒரு மாமா இருக்கிறான் என்று நான் இன்னும் சொல்லவில்லை. ஏனென்று உனக்குத் தெரியும்.

உன் பேரைச் சொல்லி விளக்கு வைக்கிற,
அக்கா ராசமலர்

⁂

விசுவமடு
6.4.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் தம்பியின் பேருக்கு வந்த கடிதத்தை நான் கையெழுத்து வைத்து வாங்கினேன். அவர் வந்து வாசிப்பார் என்று மற்றக் கடிதங்களோடு அடுக்கிவிட்டு, வழமைபோல நானே வாசித்தேன். நான் நல்ல சுகம். மில்லில் மிளகாய்த்தூள் பொதி செய்கிற வேலைதான் இன்னும். தும்மல்தான் சம்பளத்துக்கு மேலே கிடைக்கிற மிச்சம்.

சிவபாலன் அண்ணை இல்லாத வீட்டில் தனியே இருக்கிறீர்கள். சமைத்தால் சாப்பிடுங்கள். கூடப் போட்ட அரிசியைக் கொட்ட வேண்டாம், பழஞ்சோறு ஆக்குங்கள். பதினாறு வருஷமாய் நான் அப்படித்தான்.

படம் கிடைத்தது. பிள்ளையின் முகம் நல்ல வடிவு, உங்கள் தம்பியின் நெற்றி. பிறகு கீழே, காலில் பட்டாளச் சப்பாத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன். கோபம் இல்லை மச்சாள். இங்கே எங்கள் காணிக்குள்ளும் அப்படிச் சப்பாத்துகள் இருக்கின்றன. சண்டை முடிந்து இவ்வளவு காலம், அவை இன்னும் போகவில்லை.

மழை இல்லை. கிணறு இறங்கிவிட்டது. உடம்பைப் பாருங்கள்.

அன்புடன்
ஞானேஸ்வரி

⁂

ஹொல்ஸ்டெப்ரோ
11.5.2025

ஞானேஸ் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு உன்னையே கண்டதுபோல் இருந்தது. நான் சுகம். மில்லுக்குப் போனால் மூக்குக்குத் துணி கட்டு.

படத்தைக் கவிழ்த்தாய் என்று எழுதினாய். நானும் முதலில் சப்பாத்தைத்தான் பார்த்தேன். நேற்று முகாமில் தாய்தகப்பனைக் கூப்பிட்ட நாள். வாசலுக்கு நூறு மீற்றர் இருக்கும்போதே, ஒருவரும் சொல்லாமல், ஊர்ச் சோதனைச்சாவடிப் பழக்கத்தில், நான் கைப்பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். வாசலில் நின்ற பெடியன் திகைத்துப்போனான். "அம்மா, பையை மூடுங்கோ, மழை தூறுது" என்கிறான். உள்ளே ஒரு கப்டன், தன் கையால் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்து, "உங்கள் மகள் எல்லாரையும் ஓட்டத்தில் வென்றுவிட்டாள்" என்றார். கோப்பி பச்சைத் தண்ணி. ஆனால் இரண்டு கப் குடித்தேன். உன் அண்ணை சாகாமல் இருந்திருந்தால் மூன்று குடித்திருப்பார்.

போன புதன்கிழமை நாடு முழுக்கச் சைரன் ஊதிப் பார்த்தார்கள். வருஷா வருஷம் ஊதுவது, எனக்குத் தெரியும். ஆனால் இந்த வருஷம் இந்தப் போர்க்கதைகளால் மறந்துபோனேன். முதியோர் இல்லச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டதும் மேசைக்குக் கீழே. பார்த்தால் எனக்குப் பின்னால், கூட வேலை செய்கிற எங்கட விமலராணி. "தள்ளடி, நான் உன்னிலும் பருமன்" என்று இடிக்கிறாள். வெள்ளைக்காரச் சமையல்காரி குனிந்து பார்த்து, "என்ன, கத்தி விழுந்துட்டுதோ?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணி வந்தது. பிறகு நிற்கவில்லை.

வீட்டில் மூன்று நாளைக்குத் தண்ணீர், பிஸ்கட், மெழுகுதிரி, பற்றரி ரேடியோ வைத்திருக்கச் சொல்கிறது அரசாங்கம். ஆளுக்கு ஒன்பது லீற்றர் தண்ணீர். பக்கத்து வீட்டு மனுசி வந்து, "எப்படி வைக்கிறது?" என்று என்னைத்தான் கேட்டாள். இந்த ஊரில் முதன்முதல் என்னிடம் ஒருத்தி படிக்க வந்தாள் பார். "போத்தலைக் கதவுக்குப் பக்கத்திலே வை, உள்ளறையில் வையாதே, ஓடும்போது எடுக்க வேணும்" என்று சொல்லிக்கொடுத்தேன்.

மே மாதம், அவனைக் கொண்டுபோன மாதம். உனக்கு எழுத ஒன்றும் வருகுதில்லை. நீ பத்திரம்.

மச்சாள் ராசமலர்

⁂

விசுவமடு
19.6.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகம். நீங்களும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

மே போய்விட்டது. மற்றப் பெண்களோடு போய் வீதியில் நின்றேன். அதே கேள்விதான் கேட்டோம். "நாங்கள் இராணுவத்திட்டைக் கையால் ஒப்படைச்ச ஆக்களின்ரை பட்டியலைத் தாங்கோ." பட்டியல் என்று ஒன்று இல்லை என்பதுதான் இந்த வருஷமும் பதில்.

அதற்குப் பிறகு இரண்டு பேர் சாதாரண உடுப்பில் வீட்டுக்கு வந்தார்கள். இல்லாத ஒருவருக்கு வெளிநாட்டில் இருந்து யார் எழுதுவது என்று கேட்டார்கள். உங்கள் கடித உறைகளைப் போனில் படம் எடுத்தார்கள். சப்பாத்தோடு அறைக்குள் வந்தபடியால் பிறகு கழுவினேன்.

எழுதுவதை நிறுத்த வேண்டாம். போனில் கதைத்தால் இரண்டு பேரும் அழுவதோடு முடிந்துவிடுகிறது. கடிதம் என்றால் காய்ந்து வந்து சேர்கிறது.

ஞானேஸ்வரி

⁂

ஹொல்ஸ்டெப்ரோ
24.8.2025

ஞானேஸ் தங்கச்சிக்கு,

நான் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன். உன்னிடம் வந்தவர்கள் திரும்ப வந்தார்களோ?

இந்தக் கடிதத்தை மூன்று தரம் கிழித்து எழுதுகிறேன். சாரங்கி பட்டாளத்தில் நிரந்தர வேலைக்குக் கேட்டிருக்கிறாள். ரேடியோச் செய்திகள் அனுப்புகிற பகுதி. அதற்குக் குடும்பம் முழுக்க விசாரிப்பார்கள். முன்னம் இவ்வளவு இல்லையாம். இப்போது நாட்டுக்குப் பயம் வந்துவிட்டது, பயம் வந்தால் எல்லா நாட்டுக்கும் படிவம் நீளும்.

குசினி மேசையில் இருந்து நிரப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். எப்போதும் டேனிஷில் மறுமொழி சொல்கிறவள், அன்று தமிழில் கேட்டாள்.

"அம்மா, நீங்கள் வருஷா வருஷம் கடிதம் போடுற ஞானேஸ் மாமி எனக்கு என்ன முறை?"

"மாமிதான்."

"மாமி எண்டால் மாமா எங்கை?"

நான் கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினேன். அவள் எழும்பி வந்து தண்ணிக்குழாயைப் பூட்டினாள். சொன்னேன் தங்கச்சி. எல்லாம் சொன்னேன்.

உனக்கும் நான் முழுதாய்ச் சொன்னதில்லை. 1991இல் இங்கே வந்து இறங்கியபோது, அகதி முகாமில் முன்னம் வந்த எங்கட சனம் படிப்பித்தது இதுதான்: "இயக்கத்தில் ஒரு நாள் நின்ற சொந்தம் இருக்கெண்டாலும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்." அவன் நின்றது ஒரு வருஷம், அதுவும் சமையல்கட்டில். நான் அதையும் மறைத்து, அவனையே மறைத்துவிட்டேன். "கூடப்பிறந்தவர்கள்?" என்று கேட்டார்கள். "ஒருவரும் இல்லை, நான் ஒருத்திதான் பிள்ளை" என்றேன். மொழிபெயர்த்தவர் திருப்பிச் சொன்னார். பொலிஸ்காரன் டொக் டொக் என்று தட்டெழுதினான். அந்தத் தட்டலில் உன் புருஷன் இந்த நாட்டில் பிறக்காமலே போய்விட்டான். பிறகு குடியுரிமைக்கும் அதே பொய். உன் சிவபாலன் அண்ணை, "பொய்யை ஒரே மாதிரி வைச்சிரு, பிள்ளைக்கும் சொல்லாதை" என்று சொல்லிவிட்டார். இப்போது அவரைக் கேட்கவும் வழியில்லை.

சாரங்கி உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறாளாம். எழுதினால் அவளுக்கு வேலை இல்லாமல் போகலாம். என் பாஸ்போர்ட்டும் போகலாம். எழுதாவிட்டால், நான் பொய்யில் வளர்த்த பிள்ளை பொய்யோடு போய் அந்த உடுப்பைப் போட வேண்டும். 'மாமா இறந்துவிட்டார்' என்று ஒரு சொல் போட்டால் தோண்ட மாட்டார்கள் என்று விமலராணி சொல்கிறாள். உன்னைக் கேட்காமல் அந்தச் சொல்லை எழுத விடமாட்டேன்.

உண்மை சொல்லிப் பேர் பதிந்த தம்பி திரும்பவில்லை. பொய் சொன்ன நான் வீடு வாசலோடு இருக்கிறேன். பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுக்க? ஒக்டோபர் முடிவுக்குள் படிவம் கொடுக்க வேண்டும். மறுமொழி போடு.

ராசமலர்

⁂

ஹொல்ஸ்டெப்ரோ
28.9.2025

ஞானேஸ்,

உன் சுகத்துக்கு ஏங்கி எழுதுகிறேன். மறுமொழி இல்லை. கோபமோ, காய்ச்சலோ, இல்லை அவர்கள் வந்தார்களோ? எதுவென்றாலும் ஒரு வரி போடு.

இந்தக் கிழமை இங்கே வானத்தில் ஆரோ ட்ரோன் விட்டு, விமான நிலையங்களை மூடினார்கள். நீங்கள் வன்னியில் 'வண்டு' என்று சொல்வீர்களே, அதுதான். எங்கள் ஊர் முகாம் பக்கமும் கண்டார்களாம். சனம் வெளியே வந்து நின்று அண்ணாந்து பார்க்கிறது. நான் உள்ளே போய் விளக்கை அணைத்தேன்.

சாரங்கி என்னோடு கதைப்பது குறைவு. "சாப்பிட்டியோ" என்றால் "யா" என்கிறாள். அவ்வளவுதான். ஆனால் அவளுடைய அறையில், மேசைக்கு மேலே, ஒரு கடதாசியில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: குணசீலன் மாமா. 'ண' வுக்குச் சுழி ஒன்று கூட.

எங்கள் தெருமுனைச் சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வருஷம் முடிய இந்த நாட்டுத் தபால்காரர் கடிதம் கொண்டு வருவதையே நிறுத்தப் போகிறார்களாம். பெட்டி நின்ற இடத்தில் நாலு ஆணி ஓட்டைதான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

மச்சாள்

⁂

விசுவமடு
3.10.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

கடவுள் புண்ணியத்தில் சுகம். உங்கள் ஓகஸ்ட் கடிதம் வந்து இருபது நாள். தினமும் எடுத்து வாசித்து, திரும்ப மடித்து வைக்கிறேன். கோபம் இல்லை. காய்ச்சலும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த கிழமை காணாமல்போனோர் அலுவலகத்தில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். மரணச் சான்றிதழை எடுத்தால் எல்லா அலுவலும் சுலபம் என்றார்கள். "இந்த வீட்டில எத்தினை பேர்?" என்று கேட்டார்கள். "ரெண்டு" என்றேன். எழுதாமல் போய்விட்டார்கள். நீங்கள் கேட்டதும் அவர்கள் கேட்டதும் ஒரே சொல். அதனால் கை வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விசாரணை என்று எத்தனை இடத்தில் கதிரையில் இருத்திக் கேட்டார்கள், அங்கே சொல்லாதது. உங்களுக்கும் சொல்லாதது.

2009 மேயில் பட்டாளத்தார் எங்களை நிறுத்தின அந்த வெட்டைவெளியில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: "இயக்கத்தில ஒரு நாள் இருந்த ஆக்களும் வந்து பதியுங்கோ. பதிஞ்சால் விசாரிச்சு விடுவம்." உங்கள் தம்பி என் காதுக்குள், "ஞானேஸ், நான் பருப்புக் காய்ச்சினவன். அதுவும் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னம். பேசாமல் சனத்தோடை நடப்பமே?" என்று கேட்டார். நான்தான், "பொய் சொல்லிப் பிடிபட்டால்தான் ஆபத்து. உள்ளதைச் சொல்லுங்கோ. உங்களைப் போல ஆளை என்ன செய்யப் போகினம்?" என்றேன். அவர் தயங்கினார். அவரின் கையைப் பிடித்து நான்தான் உயர்த்தினேன். அதைக் கண்டு ஒருவன் கூப்பிட்டான். அவர் போய், மேசைக்கு முன்னால் நின்று, திரும்பி என்னைப் பார்த்து, 'சொல்லிப்போட்டன்' என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு பஸ்.

"அவராத்தான் போனவர்" என்று எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன். அவராய்ப் போகவில்லை மச்சாள்.

ஆகையால் பிள்ளைக்கு யோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உண்மையைச் சொல்லட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை, கைதான் எழுதுகிறது. பொய் சொல்லி நீங்கள் ஒரு தரம் அவரை இல்லாமல் செய்தீர்கள், உண்மை சொல்லச் சொல்லி நான் ஒரு தரம். மூன்றாம் தரம் வேண்டாம். செத்தவர் என்று எழுத வேண்டாம். உயிரோடு இருக்கிறார் என்றும் வேண்டாம், எனக்குத் தெரியாது. பெயர் கொடுத்தவர் என்று எழுதுங்கள். அது நான் கண்ணால் கண்டது.

இதை வாசித்துவிட்டு என்னோடு கதைக்காமல் விட்டாலும் நான் குறை நினைக்கமாட்டேன்.

ஞானேஸ்வரி

⁂

ஹொல்ஸ்டெப்ரோ
16.11.2025

என் தங்கச்சி ஞானேஸ்,

உன் கடிதத்தைக் கட்டிலில் இருந்து வாசித்தேன். பிறகு எழும்பி முகம் கழுவி, திரும்ப வாசித்தேன். நீ அவன் கையை உயர்த்தினாய். நல்ல நாட்டில் என்றால் அதைப் பெருமையாய்ச் சொல்லியிருப்பாய். குற்றம் கையில் இல்லை, மேசையில். உன்னோடு கதைக்காமல் நான் ஆரோடு கதைக்க? இனி இந்தக் கதைக்கு மன்னிப்பு என்று எழுதினால்தான் கோபம் வரும்.

நீ சொன்னபடியே சாரங்கி எழுதிக் கொடுத்தாள். நவம்பர் தொடக்கத்தில் விசாரிக்கிற பகுதியில் இருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். "உங்களோடும் கதைக்க வேண்டும், எந்த நாள் வசதி?" என்றாள். இப்படி விசாரிக்க வருகிறவர்கள் என்னை நாள் கேட்டது அதுதான் முதல் தரம். அவர்கள் வருகிற நாள் விடியவே, பயத்துக்கு உளுந்து ஊறப்போட்டேன்.

இரண்டு பேர் வந்தார்கள். அந்தப் பெண், ஸ்ரெபானி என்று பேர் சொன்னாள். கூட ஒரு இளம் ஆள், கொம்பியூட்டரோடு. வாசலில் நின்று இரண்டு பேரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். அந்த ஆளுடைய காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அவன் அதை மற்றக் காலால் மறைக்கப் பார்த்தான். அந்த விரலைக் கண்டதும் என் பயத்தில் பாதி இறங்கிவிட்டது ஞானேஸ்.

வடை வைத்தேன். அவன் ஸ்ரெபானியைப் பார்த்தான். அவள், "ஒன்றுக்கு அனுமதி உண்டு" என்றாள். அவன் ஒன்றை மூன்று தரம் எடுத்தான்.

சாரங்கியைக் குசினிக்கு அனுப்பிவிட்டார்கள். மொழிபெயர்க்க ஒருவரைப் போனில் பிடிக்கட்டோ என்று கேட்டார்கள். "வேண்டாம்" என்றேன். "போனமுறை இடையில ஒருத்தர் இருந்தவர். இந்தமுறை நானே சொல்லுறன்." எனக்குத் தெரிந்தது சமையலறை டேனிஷ்தான். அதுவும் போதும்.

"1991இல் நான் பொய் சொன்னேன். எனக்கு ஒரு தம்பி."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அவர் அந்த இயக்கத்தில் இருந்தாரா?"

"ஒரு வருஷம். சமைத்தான்."

"என்ன சமைத்தார்?" என்று அந்த இளம் ஆள் கேட்டான். ஏன் கேட்டான் என்று தெரியாது, வடை கையில் இருந்ததாலோ என்னவோ.

"பருப்பு."

அதையும் எழுதினான்.

"இப்போது எங்கே?"

"2009 மே. பெயர் கொடுத்தவன். ஒரு நாள் இருந்தவர்களும் பதியுங்கள் என்றார்கள். பதிந்தான். பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்."

ஸ்ரெபானி அவன் பேரை ஒவ்வொரு எழுத்தாய்க் கேட்டாள். டொக், டொக். எழுதி முடித்து, கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பி, "சரிதானா என்று பாருங்கள்" என்றாள். நல்லதம்பி குணசீலன். முப்பத்துநாலு வருஷத்துக்குப் பிறகு இந்த நாட்டில் அவன் பேரைக் கண்டேன். சரி என்று தலையாட்டினேன். அவன் அந்த மேசையில் ஆட்டினதுபோலத்தான் ஆட்டியிருப்பேன்.

"நீங்கள் அன்று சொன்ன பொய்யை நான் எழுதாமல் விட முடியாது. அதை வேறு அலுவலகம் பார்க்கும்" என்றாள்.

"எழுது" என்றேன்.

போகும்போது, "இதில் எனக்கு ஒரு பிரதி தருவாயோ?" என்று கேட்டேன். தர முடியாதாம். பூட்டி வைக்கிற விசாரணைக் கோவையாம். எங்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று எங்களுக்கே காட்டாத கோவை. அது எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லியும் போட்டேன். "பிடிக்கக் கூடாதுதான்" என்றாள். "எவ்வளவு காலம் வைப்பீர்கள்?" என்று கேட்டேன். நீண்ட காலம் என்றாள்.

"அப்ப நல்லாப் பூட்டி வை. தொலைச்சுப்போடாதை."

அவள் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "தொலைக்க மாட்டேன்" என்றாள்.

கதவைச் சாத்தினதும் சாரங்கி குசினியால் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். "எல்லாம் கேட்டது அம்மா. உங்கட டேனிஷ் பயங்கரம்" என்கிறாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் இரண்டு பேரும் ஒரே சோற்றுக்கோப்பையில் சாப்பிட்டோம்.

நீ கிணற்றடியில் வழுக்காமல் நட.

மச்சாள் ராசமலர்

⁂

ஹொல்ஸ்டெப்ரோ
7.12.2025

அன்புள்ள மாமிக்கு,

வணக்கம். நான் சாரங்கி. நான் நலம். நீங்கள் நலமா? இதை அம்மா சொல்லி நான் எழுதவில்லை. நானே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் கடைசி வாங்கில் இருந்த பிள்ளை. பிழைகளை மன்னிக்கவும்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அனுமதி வந்த கடிதத்தை நான் வாசிக்க, அம்மா வெங்காயம் வெட்டாமலே அழுதா. அழுதுகொண்டே விமலராணி அன்ரிக்குப் போன் எடுத்து, "என்ர பிள்ளையை இந்த நாடு நம்புது" என்று கத்தினா. பிறகு வேலை செய்யும் இடம் முழுக்க. இப்போது அம்மாவுடைய முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் அம்மாவைக் கண்டால் சல்யூட் அடிக்கிறார்.

என்னுடைய பெரிய அதிகாரி ஒரு நாள் கூப்பிட்டு, "மாமாவைப் பற்றி ஏன் எழுதினாய்? எழுதாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காதே" என்று கேட்டார். அது சோதனையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன், "எங்கள் வீட்டில் உண்மை சொன்னவர் ஒருவர் இருக்கிறார். நான் இரண்டாவது." அவர் கையைக் கொடுத்தார்.

மாமி, நீங்கள் என் படத்தைக் கவிழ்த்து வைத்தீர்கள் என்று அம்மா சொன்னா. எனக்கு முதலில் கவலை. பிறகு விளங்கியது. நான் உடுப்பை மாற்ற முடியாது, அது எனக்கு விருப்பமான உடுப்பு. ஆனால் புதுப் படம் அனுப்புகிறேன். இதில் சப்பாத்து இல்லை. காலுறையோடு நிற்கிறேன். உங்கள் வீட்டுக்கு வந்தாலும் இப்படித்தான் வருவேன். நிமிர்த்தி வைப்பீர்களா?

மாமாவின் படம் ஒன்று அனுப்புங்கள். எனக்கு அவர் நெற்றியைப் பார்க்க வேண்டும்.

உங்கள் மருமகள்
சாரங்கி

⁂

ஹொல்ஸ்டெப்ரோ
14.12.2025

குஞ்சு,

அக்காதான். உன் பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது. வருஷம் முடிய இங்கே பழைய தபால் நிற்கிறபடியால் முந்தியே எழுதுகிறேன். பயப்படாதே, பங்குனிக்கும் ஒன்று வரும். வேறு கம்பனி எடுக்கிறதாம், கடையில் கொடுக்கலாமாம். அவர்களும் நிறுத்தினால் நானே விமானம் ஏறிக் கொண்டுவந்து தருவேன், ஞானேஸ் கையெழுத்து வைக்கட்டும். உன் பேருக்குக் கடிதம் வராத வருஷம் என்று ஒன்று இருக்காது.

நான் சுகம். முழங்காலும் நானும் சமாதானம். என் பொய்யைப் பற்றி மற்ற அலுவலகம் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. எழுதட்டும். வந்தால் வடை சுடுவேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட ஆளுக்கு வயிற்றில் ஒரு பாரமும் இல்லை, நித்திரையும் வருகிறது. அத்தானின் படத்துக்கும் சொன்னேன், "உங்கட சொல்லை மீறிப்போட்டன்" என்று. மனுசன் சிரித்தபடிதான் இருக்கிறார்.

நேற்று சாரங்கி உடுப்போடு வந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றி நேராய் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அந்தச் சப்பாத்தைக் குனிந்து எடுத்து, என் சேலைத் தலைப்பால் துடைத்தேன். உனக்குத் துரோகம் செய்கிறேனோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு நினைத்தேன், இல்லை, இது உன் மருமகளின் சப்பாத்து. உன் பேரை மறைக்காமல் போட்டுக்கொண்ட சப்பாத்து. உன்னை இல்லை என்று சொன்ன அக்காவின் வயிற்றில், உன்னை உண்டு என்று சொல்ல ஒருத்தி பிறந்தாளே. எனக்கு வேறு பெருமை வேண்டாம்.

உன் பேர் இப்போது இந்த நாட்டில் ஒரு பூட்டிய அலுமாரிக்குள் இருக்கிறது. நீ பருப்புக் காய்ச்சினது முதல் எல்லாம் இருக்கிறது. நாடு தன்னைக் காக்க வைத்திருக்கிற அலுமாரி, நடுவிலே உன்னையும் காக்கட்டும். ஸ்ரெபானி எழுதின சத்தம் என் காதில் நிற்கிறது. எழுதி, திருப்பி, சரியா என்று கேட்டாள்.

அங்கே உன் பெண்சாதி வருஷா வருஷம் வீதியில் நின்று கேட்பதும் ஒரு பேப்பரைத்தான். பட்டியலே இல்லை என்கிறார்கள். அவள் உன் கையைப் பிடித்து உயர்த்தினதை எனக்கு எழுதிவிட்டாள், நீ அவளைக் குறை நினைக்கமாட்டாய் என்று நானே மறுமொழி போட்டுவிட்டேன். நீ மேசைக்கு முன்னால் நின்றதையும், சொல்லிவிட்டுத் தலையாட்டினதையும் அவள் கண்டிருக்கிறாள். மேசையில் இருந்தவனின் கை மட்டும் அவளுக்குத் தெரியவில்லையாம், உன் முதுகு மறைத்துவிட்டது.

நீ பக்கத்தில் நின்றவன். உனக்குத் தெரியும். உன் பேரை நீ சொன்னபோது, ராசா, அவன் அதை எழுதினவனோ?